ஜெனரல் கார்ஸ்வெல்லின் கடைசிக் குதிரைத் தாக்குதல்

அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில், தெற்கத்திக் குதிரைப்படையில் ஒரு சட்டம் இருந்தது. குதிரையை அவனவன் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். எதிரியின் குண்டுபட்டு அது செத்தால் அரசாங்கம் ஈடு கொடுக்கும், பாராட்டவும் செய்யும். வயிற்றுவலி வந்து செத்தால் அது குதிரையின் சொந்த விஷயம். முப்பது நாள் விடுப்பு. அதற்குள் வேறு குதிரையோடு வராதவன் காலாட்படையில் சேர்ந்து நடக்க வேண்டியது. இந்தச் சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு நல்லது செய்த ஒரே சட்டம் அதுதான்.

என் பெயர் எல்கானா. அப்போது வர்ஜீனியாவில் ஜெனரல் பெவர்லி கார்ஸ்வெல் அவர்களின் குதிரைக்காரன், அவரது அடிமை. அவருடைய சொத்துப் பட்டியலில் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே, பன்றிகளுக்கு மேலே என்னை எழுதியிருந்தார்கள்.

அவர் ஜெனரலானது இப்படி. யுத்தத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்துப் பெரிய மனிதர்களுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. கதைப் புத்தகம் படித்துவிட்டு, பழங்காலத்து வீரர்களைப்போல் வேஷம் கட்டி, தொங்கவிட்ட வளையத்தைக் குதிரையில் ஓடிக்கொண்டே ஈட்டியால் கோப்பார்கள். கார்ஸ்வெல் ஒரே நாளில் ஒன்பது வளையம் கோத்தார். ஒன்பது வளையம் கோத்தவர் இருக்கும்போது படையை வேறு யாரிடம் கொடுப்பது? தொப்பியில் கறுப்பு இறகு, இடுப்பில் மஞ்சள் பட்டு, தாடிக்கு வாசனைத் தைலம். பார்த்தவர்களெல்லாம் தைலம் பூச ஆரம்பித்தார்கள். காற்று அந்தப் பக்கம் அடித்தால், நாங்கள் வருவது எதிரிக்கு ஒரு மைல் முன்பே தெரிந்துவிடும்.

முதல் சண்டையில் எதிரியை வலப்பக்கமாக வளைக்கப் போனார். வளைத்துக்கொண்டே போய் மூன்றாம் நாள் மாமனார் வீட்டில் இருந்தார். ‘எதிரியால் கண்டுபிடிக்க முடியாத வேகம்’ என்று பத்திரிகைகள் எழுதின, கர்னல் ஆனார். அடுத்த சண்டையில் எங்கள் ஆட்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை, ஜெனரல் ஆக்கினார்கள்.

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து நாலாம் வருஷம் மார்ச் மாதம். தீவனம் கிடையாது. விதைப்பு நெருங்க நெருங்கக் குதிரைகளுக்கு வயிற்றுவலி அதிகமானது. ஒவ்வொருவனாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு குதிரை தேட வீட்டுக்குப் போனான். போனவன் போனவன்தான். ஆற்றங்கரை முகாமில் கடைசியாக மிஞ்சியது ஜெனரலின் குதிரை. ஒரு செவ்வாய்க்கிழமை அதுவும் காலை நீட்டிவிட்டது.

உதவியாளர் கேப்டன் டட்லி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்.

“ஜெனரலுக்கு விலக்குன்னு எங்கயும் போடலைங்க. முப்பது நாள் கழிச்சு நீங்க காலாட்படை.”

“நடக்கிறதா? இந்த பூட்ஸோடயா?”

“பூட்ஸ் பிரமாதங்க. நடக்கிறதுக்குத்தான் ஆகாது.”

பக்கத்துப் பண்ணை வைலி துரையிடம் ஒரு பெண்குதிரை இருந்தது. நம் அரசாங்கத்து நோட்டை அவர் அடுப்பெரிக்கக்கூட வாங்க மாட்டார். ஆளைக் கொடு, குதிரையைத் தருகிறேன் என்றார். வைலி கைக்குப் போன ஆள் அடுத்த மாதம் அலபாமா பருத்திக் காட்டில் இருப்பான். அங்கிருந்து யாரும் திரும்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

“எல்கானா, உனக்குப் பதிலா அந்தக் குதிரையை வாங்கப் போறேன்டா.”

“நல்ல குதிரைங்க எசமான்” என்றேன். என் பெண்டாட்டி கெசையாவும் அவருடைய அடிமைதான், அவர் பண்ணையில் இருந்தாள். இனி அவள் முகத்தைப் பார்ப்பேனா?

“குதிரையை யாருங்க ஓட்டிக்கிட்டு வர்றது?” என்று டட்லி கேட்டார். “அனுப்பினவன் ஒருத்தனும் திரும்பலையே.”

“எல்கானா எதுக்கு இருக்கான்? குதிரையை வாங்கிட்டு வந்து இங்க கட்டுவான். அப்புறம் நடந்தே போய் வைலிகிட்ட சேர்ந்துக்குவான்.”

“ஓடிட்டான்னா?”

ஜெனரலுக்கு மனசு புண்பட்டுவிட்டது. “நம்ம ஆளுங்க ஓட மாட்டாங்க டட்லி. நம்ம மேல உயிரையே வெச்சிருக்காங்க.”

“போன வாரம் ஆறு பேர் ஓடினாங்களே?”

“அது வேற யாரோட ஆளுங்களோ.”

“உங்க ஆளுங்கதாங்க.”

“அப்ப யாரோ ஏமாத்திக் கூட்டிட்டுப் போயிருக்கணும். பாவம்.”

அனுமதிச் சீட்டும் எழுதிக் கொடுத்தார்: ‘இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், எல்கானா என்பவனையும், அவன் வசமுள்ள ஜெனரல் கார்ஸ்வெல்லின் சகல உடைமைகளையும் எவரும் தடுக்காமல் விடவும்.’ வைலி துரையும் கனவான்தான். இன்னொரு கனவானின் கடிதத்தைப் பார்த்ததும் குதிரையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டார். நான் நேரே பண்ணைக்குப் போய்க் கெசையாவை ஏற்றிக்கொண்டேன். உடைமை என்று அவர்கள் போட்ட சட்டத்தை நான் ஏன் மீற வேண்டும்?

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வடக்கத்திப் படை, அங்கே போய்ச் சேர்ந்த அடிமைக்கு விடுதலை. ஆற்றுத் துறையில் காவல்காரன் மறித்தான்.

“யாருடா இவ?”

“சீட்டுலயே இருக்குங்க. ஜெனரலோட உடைமை.”

“எதிரி பக்கமால்ல போற?”

“குதிரைப்படை வேற எந்தப் பக்கங்க போகும்?”

அவன் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துவிட்டு வழிவிட்டான். பாதி ஆறு கடக்கும்போது பின்னால் ஒரு கூச்சல். ஜெனரல் பாதித் தாடியில் தைலத்தோடு, வாளை உருவிக்கொண்டு, “நில்லுடா!” என்று கரைக்கு ஓடி வந்தார். எதிர்க்கரையிலிருந்து இரண்டு குண்டு பாய்ந்தது. வந்ததைவிட வேகமாகத் திரும்பினார்.

மற்றது பிற்பாடு டட்லி சொன்னது. குதிரை திருட்டுப் போனதென்று எழுதினால் ஈடு இல்லை. குதிரைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று எழுதினால் ஊர் சிரிக்கும். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதினார்கள்: ‘மேற்படி தினத்தன்று எமது குதிரைப் பலம் முழுவதும், ஒரு குதிரைகூடப் பின்தங்காமல், எதிரி வரிசைக்குள் பாய்ந்தது. ஜெனரல் உருவிய வாளுடன் குண்டுமழையில் நின்றார். போன குதிரை ஒன்றும் திரும்பவில்லை.’ தெற்கத்தித் தலைநகர் ரிச்மண்டில் யுத்த இலாகா கண்ணீர் விட்டது. மேஜர் ஜெனரல் பட்டமும் புதுக் குதிரையும் வந்தன.

யுத்தம் முடிந்து நாங்கள் ஊர் திரும்பினோம். முப்பத்தேழு வருஷம் கழித்து ஓட்டுரிமைக்குப் புதுச் சட்டம் வந்தது. யுத்தத்தில் சேவை செய்தவனுக்கும் அவன் மகனுக்கும் ஓட்டு உண்டு. மற்றவர்கள் சட்டத்தை விளக்கிப் பதிவு அதிகாரியைத் திருப்திப்படுத்த வேண்டும். என் நிறத்துக்காரன் எவனாலும் அவரைத் திருப்திப்படுத்த முடிந்ததில்லை. நான் துணிந்து போனேன்.

“ஆற்றுத் துறைத் தாக்குதல்ல நான் இருந்தேங்க.”

“குதிரை மேல யாரு இருந்தது?”

“நான்தாங்க.”

“அப்ப நீ குதிரைத் திருடன். திருடனுக்கு ஓட்டு இல்ல, ஜெயில்தான். யோசிச்சுச் சொல்லு.”

நான் யோசித்தேன். வீட்டில் கெசையா படுக்கையில் கிடந்தாள்.

“ஜெனரல்தாங்க இருந்தாரு.”

“சரியான பதில். ஆக, நீ யுத்தத்துலயே இல்ல. போகலாம்.”

வாசலில் ஜெனரலின் மகன் வந்து இறங்கினான். யுத்தம் முடிந்து நாலு வருஷம் கழித்துப் பிறந்தவன். வயசான கறுப்பு ஆட்களை அவர்கள் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். “எல்கானா மாமா, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ” என்று கடிவாளத்தை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனான்.

“சேவை விவரம்?”

“அப்பாவோட குதிரைத் தாக்குதல்.”

முத்திரை குத்தும் சத்தம் வெளியே கேட்டது. கையில் நல்ல குதிரைதான் இருந்தது. ஆனால் ஏறிப் போவதற்கு இந்தத் தடவை எதிரி பக்கம் என்று ஒன்று இல்லை.