மூடுபனிக்கு நான் ஆற்றிய சொற்பொழிவு

1934 ஆகஸ்ட் 9, வியாழக்கிழமை, காலை ஐந்து மணி இருபது நிமிடம். அலவத்துகொடையில் பொடித்தூறல். குடை விரித்தால் வெட்கம், விரிக்காவிட்டால் தடிமன் காய்ச்சல் என்ற அளவில் பெய்துகொண்டிருந்தது.

வாடகைக் காரின் பின் சன்னல்களுக்கு நான் திரை கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பங்களில் அந்நாளில் பெண்கள் காரில் போனால் திரை போட்டுத்தான் போவார்கள். பக்கத்துக்கு எட்டு வளையம் வைத்து நானே தைத்த திரை. (தையலில் இரண்டு வளையம் கோணல். மனைவி நபீசா கண்டுகொண்டாள், சொல்லவில்லை.)

நான் பள்ளிக்கூட வாத்தியார். அடுத்த மாதம் முதல் நுவரெலியாவுக்கு மாற்றம். நபீசாவை உடன் அனுப்ப மாமி மறுத்துவிட்டார். "அந்தக் குளிருல எண்ட புள்ளக்கி நெஞ்சு சளி புடிச்சா யாரு பாக்கிய?" என்பது அவர் கேள்வி. நீண்ட மன்றாட்டத்துக்குப் பிறகு, "ஊரக் கண்ணால பாக்கியன், பொறகு சொல்லியன்" என்று இறங்கி வந்தார். கல்யாணமாகி இரண்டு வருடம். தனியாக மலை ஏறி, தனியாகச் சோறு வடித்து, தனியாக நடுங்குவதா என்பது அன்றைக்குத் தீர்மானமாக வேண்டும்.

கண்ணால் பார்க்கிறேன் என்றவரைத் திரைக்குள் உட்கார்த்திக் கூட்டிப்போவதில் உள்ள முரண்பாடு எனக்குத் தோன்றவே இல்லை. "நான் பார்த்துச் சொல்லுகிறேன்" என்று பெருமையோடு சாரதி முத்தையாவின் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

வழியில், எம்பெக்கே தேவாலயத்தின் பழைய மரத்தூண் மண்டபத்தை நான் மட்டும் இறங்கிப் பார்த்தேன். தூண்களை மூன்று முறை எண்ணினேன், மூன்று கணக்கு வந்தது. திரைக்கருகே வந்து நடுக்கணக்கைச் சொன்னேன்.

"தூணெண்டா எங்கட ஊட்டுலயும் நாலு ஈக்கி மருமகன்" என்றது திரை. "அதுல என்னத்த செதுக்கி ஈக்கி?"

அதைப் பார்க்க மறந்திருந்தேன்.

கம்பளையைக் கடந்ததும் பாதை வளைந்து வளைந்து மேலே போயிற்று. புசல்லாவைக்கு அப்பால் தேயிலைச் சரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளுத்து, மெல்ல அழிந்துகொண்டே வந்தன. றம்பொடையை நெருங்கும்போது உலகத்தில் எங்கள் காரும் அதன் இரைச்சலும் மட்டுமே மிச்சமிருந்தன. பிறகு இரைச்சலும் நின்றது.

"ரேடியேட்டர் கொதிக்குதுங்க ஐயா. தண்ணி புடிச்சிட்டு வந்துர்றேன்" என்று வாளியோடு இறங்கிய முத்தையா நாலு எட்டில் காணாமல் போனான்.

நானும் இறங்கினேன். எங்கும் பால்வெள்ளை. நீட்டிய கையின் விரல்கள் எனக்கே சந்தேகமாக இருந்தன. எங்கிருந்தோ நீர் விழும் ஓசை, எல்லாத் திசையிலிருந்தும் ஒரே மாதிரி வந்தது.

"அருவி தெரியிதா மருமகன்?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த மாதத்துச் சோற்றுப்பானை கண் முன்னே நின்றது. காருக்கு முதுகைக் காட்டி நின்று, குடையால் இடப்பக்கம் சுட்டி, ஆரம்பித்தேன்.

வாழ்நாளில் அப்படி நான் பேசியதில்லை. அளவும் எண்ணிக்கையும் அன்றைக்கு என்னை விட்டுப் போய்விட்டன. வெள்ளிச் சால்வையை வானத்திலிருந்து யாரோ உதறுகிறார்கள் என்றேன். மலைகள் முழங்காலை மடித்து உறங்கும் யானைகள் என்றேன். இங்கே வீசும் காற்று நெஞ்சுச் சளியை அடியோடு தீர்க்கும் என்றும் நடுவில் செருகினேன். பேசப்பேச எனக்கே அருவி தெரிய ஆரம்பித்தது.

"இப்போது சொல்லுங்கள் மாமி" என்று முடித்தேன்.

பதில் இல்லை. மாமி மனம் உருகிவிட்டார் என்று நினைத்து, மரியாதைக்காகக் கொஞ்சம் பொறுத்தேன். பிறகு மெல்லத் திரையை விலக்கினேன்.

சீட்டில் யாரும் இல்லை. கீழே இரண்டு சோடிச் செருப்பு. எதிர்ப்பக்கக் கதவு திறந்து கிடந்தது.

அந்தப் பக்கம் பள்ளமா பாதையா என்பதே எனக்குத் தெரியாது. "நபீசா! மாமி!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். மூன்றாம் அடியில், பாதையோரத்து மழைநீர் ஓடும் கானுக்குள் விழுந்தேன். இடுப்பளவு குளிர்ந்த தண்ணீர். குடை என்னை விட்டுவிட்டுத் தனியே பயணப்பட்டது.

அப்போது ஒரு சிரிப்பு கேட்டது. அடிவயிற்றிலிருந்து வரும், சின்னப் பிள்ளையின் சிரிப்பு. மாமி சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பனி சட்டென்று பிளந்தது. தேயிலைச் செடிகளின் ஓரத்தில், ஈரப்புல்லில் வெறுங்காலோடு மாமியும் நபீசாவும். கையில் ஆவி பறக்கும் தேத்தண்ணி. பக்கத்தில் கொழுந்துக் கூடையோடு ஒரு தோட்டத்துப் பெண். அவர்களுக்கு நேர் எதிரே, மலையின் மேலிருந்து கீழ்வரை, அருவி. நான் காட்டியதற்கு நேர் எதிர்த்திசையில்.

"நீங்க அங்கால எண்டு சென்னீங்க மருமகன்" என்றார் மாமி.

"ஐயா அப்பயிருந்து யாருகிட்டங்க பேசிக்கிட்டு இருந்தீங்க?" என்றாள் கொழுந்துக்காரி. "சாமி வந்துருச்சோன்னு பயந்துட்டேங்க."

நபீசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "திரைய வெலக்கிப் பாத்தன். வெளியால ஒண்டுமே தெரியல்ல. நமக்கு ஒண்டும் தெரியாட்டி நம்மளயும் ஒத்தருக்கும் தெரியாதே? எறங்கிட்டம்."

பனி மறுபடி மூடிக்கொண்டது. அந்த வெள்ளைக்குள் மூவரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். கானுக்குள் நின்றபடி நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முத்தையா தண்ணீரோடு வந்து சேர்ந்ததும் நுவரெலியா வரை போய்த் திரும்பினோம். கம்பளைப் பாலத்தில் வைத்து மாமி தீர்ப்புச் சொன்னார்.

"மகளத் தனிய அனுப்ப ஏலா."

என் பல் அதுவரை குளிரில் அடித்துக்கொண்டிருந்தது, அதுவும் நின்றது.

"நானும் வாரன். அங்க அல்லாஹ்வே திரை போட்டு வெச்சீக்கான். ஆசைக்கி நடக்கலாம்."

வந்தார். ஒன்பது வருடம் இருந்தார். விடியற்காலையில் பனிக்குள் இறங்கி நடப்பார், திரும்பி வந்து அன்றைக்குக் கண்டதை எனக்குச் சொல்லுவார். என்னைவிட நன்றாகவே சொல்லுவார். இன்றைக்கும் நான் எதையாவது விளக்கத் தொடங்கினால் என் பிள்ளைகள், "வாப்பா, பனி மூடிட்டுது" என்று ஒவ்வொருவராக எழுந்து போய்விடுகிறார்கள்.

கார் வாடகை இருபத்திரண்டு ரூபா ஐம்பது சதம். குடை ஒன்றே முக்கால் ரூபா. பனி உள்ளே வரட்டும் என்று மாமி இரவும் பகலும் சன்னலைத் திறந்தே வைத்திருந்ததால், அவர் அறையைச் சூடாக்க ஒன்பது வருடம் எரித்த விறகுக்கு மட்டும் ஐந்நூற்று நாற்பத்தெட்டு ரூபா எழுபத்தைந்து சதம்.