முறுக்கைக் காதால் சாப்பிட்ட அண்ணை

உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாராவது முறுக்கைக் காதால் சாப்பிட்டிருக்கிறார்களா?

எனக்குத் தெரிந்த ஒருவர் சாப்பிட்டார். ஒரு குளிர்காலம் முழுக்கச் சாப்பிட்டார். தமிழர் ரொறன்ரோவில் வந்து இறங்கிய நாள் தொட்டு இப்படி ஒரு பிறவி இந்த ஊர்ப் பனியில் கால் வைத்ததில்லை என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணுவேன். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்ததும் கம்ப்யூட்டர் எல்லாம் படுத்துவிடும் என்கிறார்கள். படுக்க முதல் இதை அடித்து முடிக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் மன்னியுங்கள், எனக்கு இந்தத் தமிழ்க் கீபோர்டும் புதுசு.

அவர் பெயர் முறுக்கு அண்ணை. சொந்தப் பெயர் இமிகிரேஷன்காரருக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது. ஒல்லி ஆள். கழுத்தில் எந்நேரமும் ஹெட்ஃபோன். அதன் வயர் எதிலும் பூட்டாமல் முழங்கால் வரைக்கும் தொங்கும். பஸ்ஸில் சனம் அதை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்கும். ஊரின் கிழக்கு ஓரத்தில், ரூஜ் பக்கம், அவருடைய அக்கா புது வீடு வாங்கியிருந்தார். அந்த வீட்டுப் பேஸ்மென்ற், நிலத்துக்குக் கீழே இருக்கிற அறை, அதுதான் அண்ணையின் ராச்சியம். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க, முட்டை வருகிற மட்டைத் தட்டுகளைச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தார். கோழிப் பண்ணைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

வேலைக்கும் போனவர்தான். ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவினார். ஒவ்வொரு கோப்பையையும் தட்டி, காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் அடுக்குவார். வெள்ளிக்கிழமை பின்னேரம் கோப்பை இல்லாமல் சனம் காத்திருந்தது. சனிக்கிழமை அண்ணை பேஸ்மென்ற்றில் இருந்தார்.

அங்கே அவரிடம் ஒரு கீபோர்ட், ஒரு மிக்ஸிங் போர்ட், பிறகு அவருடைய உயிர் - ஒரு சாம்பிளர். எந்தச் சத்தத்தைக் கொடுத்தாலும் விழுங்கிவிட்டு, பட்டனை அமத்தும்போது அப்படியே திருப்பித் துப்புகிற பெட்டி அது. இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு அண்ணை பாட்டுப் போட்டார் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. ஸ்னேர் அடித்தார். ட்ரம்ஸ் செற்றில் தட்டையாக, அடித்தோலுக்குக் கீழே கம்பி இழுத்துக் கட்டின ஒரு சின்ன மேளம் இருக்குமே, அதுதான் ஸ்னேர். 'ச்சக்' என்று வெட்டுவது அது. அது சரியாக வெட்டினால்தான் கால் ஆடுமாம். மற்றதெல்லாம் சும்மா சோடனையாம்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் தர்ஷி. எங்கள் யூனிவேர்சிற்றித் தமிழ் மாணவர் டான்ஸ் குழுவுக்கு அவள்தான் தலைவி, சர்வாதிகாரி, எல்லாம். அதற்கு முந்தின வருட விழாவில் எங்கள் பாட்டுக் கசெற் மேடையில் இருமினது. ஸ்னேர் வந்த இடமெல்லாம் யாரோ தலையணையைக் குத்துகிற சத்தம். சபை சிரித்தது. தர்ஷி அந்தச் சிரிப்பை ஒரு வருடம் நெஞ்சில் வைத்திருந்தாள். யாரோ சொன்னார்கள், ரூஜில் ஒரு விசரன் இருக்கிறான், சத்தம் எண்டால் உயிரை விடுவான் என்று. போனோம்.

அண்ணை எங்கள் பழைய கசெற்றைப் போட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். பாதியில் நிற்பாட்டினார். செத்த வீட்டில் கதைக்கிற குரலில் சொன்னார்:

"தங்கச்சி, உது ஸ்னேர் இல்லை. உது மழையிலை நனைஞ்ச முறுக்கு."

தர்ஷிக்கு ஆளை உடனே பிடித்துவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை. நான் கம்ப்யூட்டர் படிக்கிறவன், ட்ரெபிளை, அந்தக் கீச்சுப் பக்கத்தை, கூட்டினால் சரிதானே என்றேன். அண்ணை என்னைப் பார்த்த பார்வையில் ஒரு குழந்தைப் பிள்ளையிடம் காட்டுகிற இரக்கம் இருந்தது.

"தம்பி, ட்ரெபிளைக் கூட்டினா எல்லாம்தான் கூடும். வீட்டிலை எல்லாரும் சேர்ந்து கத்தினா ஆர் கதைக்கிறது எண்டு தெரியுமே? பக்கத்திலை நிக்கிறவனை முதல்லை வாயை மூடச் சொல்லோணும்."

அதையே செய்தும் காட்டினார். 'ச்சி ச்சி' என்று அடித்துக்கொண்டிருந்த சிஞ்சாவை, அந்த வெண்கலத் தட்டின் சத்தத்தை, குறைத்தார். ஸ்னேரின் அடிவயிற்றை, அந்தத் 'தொம்' என்ற பகுதியை, ஒரு குமிழைத் திருகி வெட்டினார். அது பேஸ் ட்ரம் என்கிற பெரிய மேளத்தின் காணியாம், ஸ்னேர் அதற்குள் வேலி போடக் கூடாதாம். பிறகு வாலை நறுக்கினார், சத்தம் இழுபடாமல் சட்டென்று நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அரைவாசி உயிர் வந்துவிட்டது. நாங்கள் கை தட்டினோம். அவர் தலையை ஆட்டினார். இந்த ஸ்னேருக்கு முன் பல் இல்லை என்றார். கடிக்கிற அந்த முதல் நொடிக்கு வேறு ஏதாவது ஒரு சத்தத்தை மேலே ஒட்ட வேண்டுமாம்.

அந்த 'ஏதாவது'வைத் தேடித்தான் குளிர்காலம் போனது.

முதலில் அலமாரிக் கதவை அடித்துப் பார்த்தார். பிறகு றோட்டில் உறைந்த பனியின் மேல் என்னை நடக்கவிட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் குனிந்து வந்தார். என்ரை சப்பாத்துச் சரியில்லையாம். தர்ஷியின் சப்பாத்தும் சரியில்லையாம். கடைசியில் தபால் போட வந்த வெள்ளைக்காரரை மறித்து, கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லிக் கேட்டார். அந்த மனுசன் நடந்தும் காட்டினார். கனடா நல்ல நாடு.

பிறகு கோயில். எங்கள் கோயில் அப்போது ஒரு பழைய வெயர்ஹவுஸ் கிடங்கு, சீமெந்து நிலம், உயரக் கூரை. அங்கே சிதறு தேங்காய் அடித்தால் வெடிகுண்டு. அண்ணை கல்லுக்குப் பக்கத்தில் மைக்கை வைத்துவிட்டுப் பக்தியோடு குந்தியிருந்தார். ரேடியோக்காரர் வந்திருக்கிறார் என்று நினைத்த ஒரு அன்ரி, மகனுக்குப் பொம்பிளை தேடுகிற விபரம் முழுவதையும் மைக்குக்குள் சொன்னார். உயரம், நட்சத்திரம், வேலை, எல்லாம். அது முடியத் தேங்காய் உடைந்தது. அருமையான அடி. தேங்காய்த் தண்ணி முழுக்க மைக்குக்குள் போனது. அன்ரியின் மகனின் நட்சத்திரம் மட்டும் தெளிவாகப் பதிவாகியிருந்தது.

மைக்கைக் காயவைத்துவிட்டு அண்ணை பேஸ்மென்ற்றில் சோர்ந்துபோய் இருந்தபோது, மேலே குசினியில் அக்கா முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பகலில் தையல் ஃபக்ரறியில் வேலை. மிச்ச நேரம் ஓடருக்குப் பலகாரம். பிறந்தநாள், பெரியபிள்ளையானால் செய்கிற சாமத்தியவீடு, கலியாணம், எதற்கும் அக்காவின் முறுக்குத்தான். தம்பி செய்கிறது என்ன என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆனால் அவன் சாப்பிட்டானா என்று மட்டும் படியில் நின்று கேட்பார். அன்றைக்கும் ஒரு தட்டில் ரெண்டு முறுக்கு இறக்கிவிட்டுப் போனார். அண்ணை ஒன்றை எடுத்து முறித்தார்.

அப்படியே சிலையாகிவிட்டார்.

அடுத்த நாள் நாங்கள் போனபோது அக்கா படியில் நின்றிருந்தார். முகம் சரியில்லை. உள்ளே நிலம் முழுக்க முறுக்குத் தூள். ஒரு சாமத்தியவீட்டுக்கு என்று சுட்டுப் பெட்டியில் அடைத்து வைத்த முறுக்கு அத்தனையையும் அண்ணை மைக்குக்கு முன்னால் முறித்திருந்தார். முறித்ததோடு விடவில்லை, சத்தத்தின்படி பிரித்துக் குவியல் குவியலாக வைத்திருந்தார். எள்ளுக் கூடினது ஒரு பக்கம். கொஞ்சம் கருகினது ஒரு பக்கம். அதுதான் நல்லா வெட்டுதாம்.

"சாமத்தியவீட்டுக்கு நான் தூளே அள்ளிக் குடுக்கிறது?" என்றார் அக்கா.

அண்ணை ஹெட்ஃபோனை நீட்டி, ஒருக்காக் கேளுங்கோ என்றார். அக்கா அதைத் தொடவும் இல்லை. சத்தம் போடாமல், ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. ஒரு புதுக் குடும்பம் இந்தப் பேஸ்மென்ற்றை வாடகைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது. இந்தப் பிள்ளைகளின் விழா முடியட்டும். உன்னைத் தவிர ஒரே ஒரு ஆள், அந்த மண்டபத்தில் இருக்கிற ஒரே ஒரு ஆள், உன்ரை சத்தம் நல்லா இருக்கு எண்டு சொன்னால் நீ இஞ்சை இரு. இல்லாட்டி உந்தப் பெட்டியளைக் கட்டு.

அதுக்குப் பிறகு அண்ணை பகிடி விடவில்லை. முறுக்கு முறிகிற சத்தத்தை ஸ்னேரின் மூக்கு நுனியில் ஒட்டினார். ஒரு மயிரிழை பிந்தினால் ரெண்டு சத்தம் கேட்கும், முந்தினாலும் அப்படித்தான். ஒட்டி, கேட்டு, அழித்து, திருப்பி ஒட்டினார். கடைசியில் ஒரு நாள் பட்டனை அமத்தினார். ச்சக். தர்ஷி தன்னையறியாமல் கன்னத்தைத் தடவினாள். அப்படி இருந்தது.

விழா நாள். மண்டபம் நிறைந்த சனம். பின்னால் அக்கா மேசை போட்டு முறுக்குப் பை விற்றுக்கொண்டிருந்தார். பிரதம விருந்தினர் பேச எழும்பினார், மைக் 'கீ' என்று கூவியது. சவுண்ட் பார்த்த அங்கிள் பதறிப்போய், போர்ட்டிலிருந்த ட்ரெபிள் குமிழை அடிவரைக்கும் இறக்கி, யாரும் தொடாதபடி மேலே ஒட்டுநாடாவும் ஒட்டிவிட்டார். பேச்சு முடிந்தது. திரை விலகியது. எங்கள் பாட்டுத் தொடங்கியது.

தொப். தொப். தொப்.

நான் மேடையில் கையைக் காலை ஆட்டிக்கொண்டே பார்க்கிறேன், முன் வரிசையில் போன வருடச் சிரிப்பு மெல்ல முளைக்கிறது. தர்ஷி ஆடிக்கொண்டே அழப்போகிறாள். அண்ணை சவுண்ட் மேசையடியில் நின்று கையைப் பிசைகிறார். பனியோடும் தேங்காயோடும் மல்லுக்கட்டின மனுசனுக்கு ஒரு அங்கிளோடு கதைக்க வாய் வரவில்லை. கூட்டினால் கூவும், பிறகு சனம் என்னைத்தான் பேசும் என்று அங்கிள் சொல்ல, அண்ணை தலையாட்டிக்கொண்டிருந்தாராம். இதையும், இனிச் சொல்லப் போவதையும் பக்கத்தில் நின்ற பெடியன்கள் பிறகு சொன்னார்கள்.

முறுக்கு மேசையை விட்டுவிட்டு அக்கா வந்தாராம். கையில் எண்ணெய். அங்கிளைப் பார்த்துச் சொன்னாராம்:

"அண்ணை, உது இவன்ரை சத்தமில்லை."

அங்கிள், தங்கச்சி உங்களுக்கு உது விளங்காது என்றாராம்.

"குளிர் முழுக்க என்ரை குசினிக்குக் கீழை இதைத்தானே கேட்டனான். உது இளகிப் போச்சு. கூவினது மைக்தானே? இப்ப ஆர் பேசுகினம்? அதை நிப்பாட்டிப்போட்டு இதைக் கூட்டுங்கோ."

அங்கிள் யோசிக்க, அக்கா தானே ஒட்டுநாடாவை உரித்துக் குமிழை ஏற்றினார்.

ச்சக்.

மண்டபத்தை யாரோ நடுவால் முறித்த மாதிரி இருந்தது. முன் வரிசையில் ஒரு குட்டிப் பெடியன் தன் கையிலிருந்த முறுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிரிக்கத் தொடங்கின வாயெல்லாம் மூடிக்கொண்டது. பிறகு கை தட்டல் பிடித்தது, ஸ்னேர் விழுகிற இடத்தில் எல்லாம், எங்கள் காலுக்கு முதலே.

முடிந்ததும் சனம் மேடைக்கு வந்தது. நானும் தர்ஷியும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். உடுப்பு நல்லா இருந்தது என்றார்கள். லைற் நல்லா இருந்தது என்றார்கள். ஒரு மாமி, நான் மெலிந்துபோனேன் என்றார். சத்தத்தைப் பற்றி ஒரு சீவனும் வாய் திறக்கவில்லை. நான் வெட்கத்தை விட்டு, "அங்கிள், ஸ்னேர் எப்படி?" என்று ஒருவரைக் கேட்டேன். அவர் அது எந்தப் பிள்ளை என்று கேட்டார்.

அண்ணையைக் காணவில்லை. ரூஜுக்குப் போனோம். பேஸ்மென்ற்றில் வயர்களைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார். அக்கா மிச்ச முறுக்குப் பையோடு படியிறங்கி வந்தார்.

"என்ன கழட்டுறாய்?"

"ஒருத்தரும் சொல்லேல்லை, அக்கா."

அக்கா பையை மேசையில் வைத்தார்.

"அப்ப நான் ஒரு ஆளாத் தெரியேல்லையே உனக்கு?"

அண்ணை சுருட்டின வயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அக்கா, உடைக்கிறதெண்டால் கருகினதை உடை, நல்லதைத் தொடாதே என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டார். தர்ஷி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கும் முட்டைத் தட்டுகளை எண்ண வேண்டும் போல இருந்தது.

அண்ணை பிறகும் அங்கேதான் இருந்தார். போன வருடம்தான் தூரத்தில், பிறம்ரன் நகரில், ஒரு வெயர்ஹவுஸில் வேலை கிடைத்து, அங்கேயே ஒரு அறை எடுத்துக்கொண்டு போனார். யாரும் போகச் சொல்லவில்லை. அதுக்குப் பிறகு ஒருநாள் வேலையிடத்திலிருந்து எனக்குப் போன் எடுத்தார். எப்படி இருக்கிறாய் என்றும் கேட்கவில்லை.

"தம்பி, கதைக்காமல் கேள்," என்றார். பெட்டி கட்டுகிற பிளாஸ்ரிக் பட்டி ஒன்றைப் போனுக்குப் பக்கத்தில் வைத்து வெட்டினார். ச்சக். "கேட்டதே?"

கேட்டது, அண்ணை.

அக்கா அந்தப் பேஸ்மென்ற்றை இன்னும் ஒருவருக்கும் வாடகைக்கு விடவில்லை.