காட்டுமாடும் என்னோட இந்த வருஷ இலக்கும்

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதாங்க. இருபத்திமூணு ஃபாரத்தை நிரப்பணும்.

நான் குன்னூர் பக்கம் ஒரு டீ எஸ்டேட்ல சூப்பர்வைசர். ஃபாரத்தை ஹெட் ஆபீஸ்ல யாரோ ரொம்பப் படிச்சவங்க அனுப்பியிருந்தாங்க. கொழுந்து பறிக்கிற இருபத்திரெண்டு பேரும் எந்த மாதிரி வேலை செய்யற ஆளுங்க, இந்த வருஷம் அவங்க இலக்கு என்ன, ரெண்டையும் கேட்டு எழுதணுமாம். இருபத்திமூணாவது ஃபாரம் எனக்கு. அதை என்னைப் பத்தி கொழுந்து பறிக்கிறவங்க நிரப்பணும்.

"சாயங்காலத்துக்குள்ள கொடுத்துட்டா உங்க லீவுல கையெழுத்து போட்டுர்றேன்"னாரு மேனேஜர்.

வெள்ளிக்கிழமை மேட்டுப்பாளையத்துல மச்சினனுக்குக் கல்யாணம். "வரலைன்னா அந்த எஸ்டேட்டையே கட்டிக்கிட்டு அழுங்க"ன்னு ஊட்டுல சொல்லியாச்சு.

காலைல கொழுந்து எடை போட்டு முடிஞ்சதும் எல்லாரையும் உக்கார வெச்சேன். தொண்டையைச் செருமிக்கிட்டு முதல் கேள்வியைப் படிச்சேன்.

"பிரச்சனை வந்தா தனியா முடிவெடுப்பீங்களா, கலந்து பேசுவீங்களா?"

இருபத்திரெண்டு பேரும் வட்டமா கூடி கால் மணி நேரம் பேசினாங்க. அப்புறம் செல்வி அக்கா எழுந்தாங்க. பறிக்கிற ஆளுங்களுக்கெல்லாம் அவங்க சொல்றதுதான். எனக்கும்தான்.

"தனியாத்தான் முடிவெடுப்போம்னு எழுதிக்குங்க. எல்லாருக்கும் அதே."

எழுதினேன். வேற வழி?

"சரிங்கக்கா, இந்த வருஷம் உங்க இலக்கு என்ன?"

"அந்தச் செடி நிரையை முடிக்கோணும்."

"அதில்லீங்கக்கா, கொஞ்சம் பெருசா."

"அதுக்கு அடுத்த நிரையையும் முடிக்கோணும்."

"இன்னும் மேல யோசிங்க."

அக்கா நிமிர்ந்து மலையைப் பார்த்தாங்க. "மேல போன வாரமே பறிச்சாச்சுங்களே."

எனக்கு வேகம் வந்துருச்சு. ஒரு பாறை மேல ஏறி நின்னு, ஆபத்து வந்தா பொறுப்புல இருக்கறவன் எப்படி நிக்கணும்னு விளக்க ஆரம்பிச்சேன். ஒருத்தர் அசையல. கண்ணெடுக்காம கேட்டாங்க. நம்ம பேச்சுக்கு இவ்வளவு மரியாதையான்னு எனக்கே கொஞ்சம் மிதப்பா இருந்துச்சு.

அவங்க பார்த்தது என்னை இல்ல. எனக்குப் பின்னாடி செடிக்குள்ள நின்ன காட்டுமாட்டை.

"ஏனுங்க சூப்பர்வைசரு, அப்படியே அசையாம நில்லுங்க. அதுவே போயிரும்"னு அக்கா மெதுவா சொன்னாங்க.

திரும்பிப் பார்த்தேன். அதுக்கப்புறம் எனக்கு ஞாபகம் இருக்கறது, எடை போடற ஷெட்டோட உள்பக்கத் தாழ்ப்பாள்தான்.

மாடு ரெண்டு நிமிஷம் நின்னுட்டு அது பாட்டுக்குப் போயிருச்சாம். நான் வெளிய வரத்தான் நேரமாச்சு. அதுக்குள்ள என் ஃபாரத்தை அக்கா நிரப்பிட்டாங்க.

சாயங்காலம் மேனேஜர் அதை ஆபீஸ் முழுக்கக் கேக்கற மாதிரி படிச்சாரு.

"வேலை செய்யும் முறை: வேகம். ஆபத்து வந்தால்: முதல் ஆளாக ஓடுவார், தாழ்ப்பாளும் சரியாகப் போடுவார். இவர் லீவில் போனால் எங்கள் வேலை எதுவும் கெடாது."

எந்த வரியையும் பொய்னு சொல்ல முடியல.

உடனே லீவுல கையெழுத்து போட்டாரு. காலியா இருந்த என் இலக்கையும் அவரே எழுதிக் கொடுத்துட்டாரு.

"அடுத்த தடவை, ரெண்டாவது ஆளா ஓடணும்."