சத்தமில்லாமல் கிளம்பிய குடும்பம்

"என் இடது கால் ஷூவை யாரு எடுத்தா?" என்று ஸ்டோர் கீப்பர் போட்ட சத்தத்தில் சமையலறையில் பால் பொங்கி வழிந்தது.

"எடுத்து நான் என்ன, காதுலயா மாட்டிக்கிட்டு நிக்கிறேன்? வீட்டுச் சாவி எங்கே, அதைச் சொல்லுங்க!" என்று மனைவி திருப்பிக் கத்தினாள். பெரிய மகள் குளியலறைக்குள் இருந்தாள். சின்ன மகள் அந்தக் கதவை இரண்டு கையாலும் இடித்துக்கொண்டிருந்தாள்.

ஷூ அழுக்குத்துணிக் கூடையில் கிடைத்தது. அது அங்கே போன கதையை விசாரிக்க நேரமில்லை. நால்வரும் தலைதெறிக்கத் தெருமுனைக்கு ஓடியபோது, வழக்கம்போல பஸ்ஸின் முதுகுதான் தெரிந்தது. அந்த பஸ்ஸுக்கு முகம் என்று ஒன்று உண்டு என்பதையே அந்தக் குடும்பத்தில் யாரும் கண்டதில்லை.

இத்தனைக்கும் அவர் வேலை செய்வது மருந்துக் கிடங்கில். எந்த மாத்திரை எந்த அடுக்கில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். மேனேஜருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"இவ்வளவு பெரிய கிடங்கை விரல் நுனியில வச்சிருக்கீங்க, ஒரு வீட்டை வச்சுக்கத் தெரியலையா? வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரே ஒரு நாள் நேரத்துக்கு வந்து காட்டுங்க. இல்லேன்னா அடுத்த வாரத்துலேருந்து நைட் ஷிப்ட். காலையில கிளம்புற தொல்லையே இருக்காது பாருங்க."

நைட் ஷிப்ட் என்றால், அவர் வீடு திரும்பும்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள். அவர்கள் படுக்கும்போது அவர் கிளம்பியிருப்பார். ஒரு மாதம் போனால் சின்னவள் அவரைப் பார்த்து, "அம்மா, யாரோ மாமா வந்திருக்காங்க" என்பாள்.

அன்று மாலையே வீட்டைக் கிடங்காக்கினார். வெளியே போகிற சரக்கு வாசலோரம் இருக்கவேண்டும், இதுதான் தொழிலின் பாலபாடம். ஷூ, பை, சாப்பாட்டு டப்பா, சாவி, சீப்பு எல்லாம் வாசலோரம் ஓர் உயரமான அலமாரிக்குக் குடிபெயர்ந்தன.

செவ்வாய்க்கிழமை நால்வரும் ஒரே நேரத்தில் அலமாரிமேல் பாய்ந்தார்கள். அது கதவின்மேல் சாய்ந்தது. உள்பக்கமாகத் திறக்கிற கதவு.

"இப்ப எப்படி வெளியே போறதாம்?"

"பதறாதே. சரக்கை இறக்கிட்டா அலமாரியை நகர்த்திடலாம்."

"நாங்களும் சரக்குல சேர்த்தியா, இல்ல தனியா?" என்று மனைவி கூச்சல் போட்டாள்.

பஸ்ஸின் முதுகு.

கூட்டம்தான் கோளாறு என்று அவருக்குப் பட்டது. ஆளுக்கொரு மூலை ஒதுக்கி, ஒரே மாதிரி இருந்த பைகளில் ஆளுக்கொரு நிறத்தில் ரிப்பன் கட்டினார். மனைவி பைக்குப் பச்சை, சின்னவள் பைக்குச் சிவப்பு. சின்னவளுக்குப் பச்சைதான் பிடிக்கும். யாரிடமும் சொல்லாமல் ரிப்பன்களை மாற்றிக் கட்டிவிட்டுப் படுத்தாள்.

புதன்கிழமையும் பஸ்ஸின் முதுகுதான். அன்று மாலை மனைவி ருத்ரதாண்டவம் ஆடினாள். "பாங்க் கவுண்டர்ல உக்காந்து பையைத் திறக்கறேன், ஸ்கிப்பிங் கயிறு வருது! என் ரப்பர் ஸ்டாம்பை எடுத்துட்டுப் போய் உங்க பொண்ணு வகுப்புல எல்லார் கையிலயும் 'பணம் செலுத்தப்பட்டது'ன்னு குத்திட்டு வந்திருக்கா!"

"டீச்சர் கையிலயும்" என்றாள் சின்னவள், விட்டுப்போகக் கூடாதென்று.

காலையில் போடுவதை முந்தின இரவே போட்டுவிட்டால் என்ன என்று அவருக்கு அடுத்த யோசனை. சட்டை, சாக்ஸ், ஷூ சகிதம் நால்வரும் விறைப்பாகப் படுத்தார்கள். வியாழக்கிழமை எழுந்தபோது நால்வரும் கசக்கி எறிந்த காகிதம்போல இருந்தார்கள். வீட்டில் இருப்பதோ ஒரே இஸ்திரிப் பெட்டி. துண்டோடு வரிசையில் நின்று, "என்னுது முதல்ல!" "என்னுது முதல்ல!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள்.

முதுகு.

"நான் அட்டைப்பெட்டிக்குத்தான் லாயக்கு" என்று அன்று மாலை அவர் சோபாவில் சரிந்தார்.

பெரியவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, தேடறதுக்கு நமக்கு நேரமே ஆகறதில்லப்பா. கத்தறதுக்குத்தான் ஆகுது. ஒருத்தர் கத்தினா மத்த மூணு பேரும் கைவேலையை விட்டுட்டுப் பதில் கத்தறோம். நாளைக்கு யாரும் வாயே திறக்கலேன்னா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிடங்கில் பெட்டிகள் பேசுவதில்லை. அதனால்தான் அங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது! இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை?

வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். பால் பொங்குவதற்குள் இறங்கியது. குளியலறைக் கதவை ஒரு விரலால் தட்டியதும் பெரியவள் வெளியே வந்தாள். அவர் காலைக் காட்டிக் கையை விரித்தார். மனைவி புருவத்தால் கட்டிலடியைக் காட்டினாள், அங்கே ஷூ ஜோடியாக இருந்தது! நால்வரும் பூனைபோல வெளியேறித் தெருமுனைக்கு நடந்தே போனார்கள். நிறுத்தத்தில் ஈ காக்கை இல்லை.

"இப்ப பேசலாமா?" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

"பேசு! பாடு! என்ன வேணா பண்ணு!"

"பஸ்ஸோட மூஞ்சியைப் பாக்கப் போறோம்!" என்று சின்னவள் குதித்தாள்.

பஸ் வரவில்லை. ஆட்கள் சேர்ந்தார்கள். கூட்டம் சாலைவரை வழிந்தது. ஸ்டோர் கீப்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அவர் மனக்கண்ணில் மேனேஜர் நைட் ஷிப்ட் டார்ச் லைட்டோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

வேலைக்குப் போகிற நேரமெல்லாம் கடந்தபிறகு பஸ் உறுமிக்கொண்டு வந்து நின்றது. டிரைவரின் சட்டைப் பொத்தான்கள் இடம் மாறியிருந்தன. உதட்டோரம் பற்பசை நுரை.

"ஏன்யா, இருந்து இருந்து இன்னைக்குத்தானா தூங்கணும்?" என்று ஸ்டோர் கீப்பர் முதல் ஆளாக ஏறிச் சீறினார். "என் பொழப்பே போச்சு!"

டிரைவர் அவரைப் பார்த்தார். பின்னால் ஏறிய மனைவியையும் மகள்களையும் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை, உதட்டு நுரையைத் துடைத்துக்கொண்டார்.

"சார், உங்க பின்வீடுதான் நான். ஷூவைக் காணோம்னு நீங்க கத்தினா எழுந்திருப்பேன், பாப்பா கதவை இடிச்சா பல் தேய்ப்பேன், அக்கா சாவி எங்கேன்னு கேட்டா வண்டியை எடுக்க ஓடுவேன்... இன்னைக்கு ஏன் சார் யாருமே கத்தல?"