தொட்டுப் பின்னால்

நடுநிலைமை என்பது உட்கார்ந்துகொண்டு செய்ய வேண்டிய வேலை. இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், இன்றைக்கு நான் பெரிய தேர்தல் விமர்சகனாகி நாலு சானல்களில் நாலு விதமாகப் பேசிக்கொண்டிருப்பேன். யாரும் சொல்லவில்லை. அதனால் நான் எழுந்து நின்றுவிட்டேன். நின்றதன் பலனைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. திருவனந்தபுரத்தில் மாநகராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் தங்கப்பன் வக்கீல் சுயேச்சையாக நின்றார். நான் அவருடைய பிரச்சாரத் தொடர்பு அதிகாரி. (பதவியின் பெயர் நானே வைத்துக்கொண்டது. வேலை, ஜீப்பில் நின்று மைக்கில் கத்துவது.) துண்டுப் பிரசுரமும் எழுதினேன், சுவரெழுத்துக்கு வாசகமும் கொடுத்தேன். ஆனால் என் மேதைமை முழுதாக வெளிப்பட்டது ஜீப்பில்தான். ஆரியசாலைப் பக்கம் தமிழ் வியாபாரிகள் அதிகம் என்பதால் தமிழ் அறிவிப்பு முழுக்க என் தலையில் விழுந்தது.

மலையாள அறிவிப்புகளில் ஒரு வரி உண்டு. வேட்பாளரின் வண்டிக்கு முன்னால் போகும் ஜீப்பிலிருந்து, "இதா, ஈ வாகனத்தின்றெ தொட்டு பின்னாலெ கடந்நு வருன்னு" என்று ஆரம்பிப்பார்கள். இந்த வண்டிக்கு அடுத்தாற்போல வருகிறார் என்று அர்த்தம். இதை நான் தமிழ்ப்படுத்தினேன். அதாவது, பாதியை மலையாளத்திலேயே விட்டுவிட்டேன்.

"இதோ! இந்த வாகனத்தின் தொட்டுப் பின்னால் வந்துகொண்டிருக்கிறார், உங்கள் வீட்டுப் பிள்ளை, ஏழைகளின் வக்கீல், தங்கப்பன் அவர்கள்!"

ஆரியசாலையில் மிளகாய் வற்றல் மொத்தக் கடை வைத்திருந்த சுப்பையா மாமா ஒருநாள் ஜீப்பை மறித்துக் கேட்டார்.

"ஏடே, தொட்டுக்கிட்டா வாரான்? நீ பிரேக்கு போட்டா அவன் மூஞ்சி என்னத்துக்கு ஆகும்?"

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். சாக்குக் கட்டுக்குப் பின்னாலிருந்து இன்னொரு சிரிப்பும் கேட்டது. அது அவருடைய மகள் கோமதி. பிரச்சாரத்தின்போது அந்தத் தெருவுக்கு மட்டும் எங்கள் ஜீப் ஏன் அத்தனை தடவை போனது என்று தங்கப்பன் வக்கீல் கடைசி வரையில் கண்டுபிடிக்கவில்லை. அங்கே தனக்குப் பெரிய ஆதரவு இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

சுப்பையா மாமா அம்மா வழியில் தூரத்துச் சொந்தம். முறைப்படி என்னை 'மருமவனே' என்று கூப்பிட வேண்டியவர். ஊரில் முறையே இல்லாதவனைக்கூட அப்படிக் கூப்பிடுவார். எனக்கு மட்டும் 'ஏடே'தான். அம்மா பெண் கேட்டுப் போனபோது சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"தெருத்தெருவா ஜீப்புல நின்னு கத்துகவனுக்கு நான் பொண்ணு கொடுக்க மாட்டேன், அக்கா. ஒரு எடத்துல உக்காந்து வேல பாக்கட்டும். பொறவு பேசுவோம்."

உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்று அப்போதுதான் தம்பானூரில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஒரு லாட்ஜின் மாடியில் சசி சார் என்பவர் உள்ளூர் கேபிள் சானல் நடத்திவந்தார். வாக்கு எண்ணும் நாளில் நேரலை செய்யப்போகிறார், இடையிடையே தமிழில் விமர்சனம் சொல்ல ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன்.

"சிவதாணுவே, உங்க வாய்ஸ் கொள்ளாம்" என்றார் சசி சார். (நன்றாயிருக்கிறது என்கிறார். தமிழனைப் பார்த்துக் 'கொள்ளாம்' என்று சொன்னால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.) "பட்சே... ஆனா, ஒரு காரியம். ஜீப்பு பாஷை வேண்டாம். சாந்தமா பேசணும். அனாலிசிஸ். நிஷ்பட்சமா இருக்கணும், மனசிலாயோ? அன்னைக்கு நல்லா செஞ்சா வாரம்தோறும் ஒரு பரிபாடி, ஒரு புரோகிராம், உங்களுக்குத்தான்."

நிஷ்பட்சம் என்றால் எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பது. அதற்காக, வாக்குப்பதிவு முடிந்த மறுநாளே தங்கப்பன் வக்கீலிடம் போய் ராஜினாமா செய்தேன். (வேலையே முடிந்துபோன பிறகு ராஜினாமா செய்வதில் ஒரு தனிக் கம்பீரம் இருக்கிறது.) ஜெயித்தால் என்னைத் தன் ஆபீசில் வைத்துக்கொள்வதாக அவர் ஏற்கனவே வாக்குக் கொடுத்திருந்தார். அதையும் உதறினேன்.

"இனி நான் பத்திரிகையாளன் மாதிரி, சார். உங்களுக்கும் எனக்கும் ஒரு தூரம் இருக்கணும்" என்றேன்.

வக்கீல் என்னை மேலும் கீழும் பார்த்தார். "போயிட்டு வாடே. பட்சே டிவியில என்னெப்பற்றி மோசமா ஒண்ணும் பறயருது, கேட்டோ?"

மோசமாக ஒன்றும் சொல்லக்கூடாது, அவ்வளவுதான் அவர் கேட்டது. தாராளமாக ஒப்புக்கொண்டேன்.

பிறகு கண்ணாடி முன்னால் பயிற்சி. ஒரு கையைத் தாடையில் வைப்பது, புருவத்தைச் சுருக்குவது, பதில் தெரியாத கேள்வி வந்தால் மெல்லப் புன்னகைப்பது. விமர்சனக் கலையில் முக்கால் பங்கு இதுதான் என்பது என் கணிப்பு. இன்று டிவி பார்க்கும்போது முழுப் பங்கும் இதுதான் என்று தெரிகிறது. கோமதி கடை போனிலிருந்து ஒரே ஒரு யோசனை சொன்னாள்.

"என்ன வேணா பேசுங்க. 'மாபெரும்'னு மட்டும் சொல்லிராதீங்க. அத சொன்னீங்கன்னா பொறவு நிறுத்த மாட்டீங்க."

என்னை என் தாயைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தாள்.

வாக்கு எண்ணும் நாள் வந்தது. தெரிந்த தையல்காரரிடம் வேறு யாருக்கோ தைத்து வைத்திருந்த கோட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். மேசைக்கு மேலே தெரிவது மட்டும்தான் காமிராவில் விழும் என்று சசி சார் சொல்லியிருந்தார். ஸ்டுடியோவில் சத்தம் கேட்கும் என்று ஃபேனை வேறு நிறுத்திவிடுவார்கள். ஆகவே கோட்டுக்குக் கீழே கட்டம் போட்ட பச்சைக் கைலி. காற்றோட்டமாக இருந்தது. அறிவாளிகள் இப்படித்தான் யோசிப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நிகழ்ச்சியை நடத்தியது ஸ்ரீஜா என்ற பெண். அவளுக்கு இந்தப் பக்கம் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், அந்தப் பக்கம் நான். சட்டையில் குத்தும் சின்ன மைக் இரண்டுதான் இருந்தன. அவை அவர்கள் இருவருக்கும் போய்விட்டன. எனக்கு ஒரு கை மைக்கைக் கொடுத்தார்கள். கம்பி சுற்றிய, கனமான, சுவிட்ச் வைத்த மைக். ஜீப்பில் இருந்ததன் அச்சு அசல்.

ஆரம்பம் பிரமாதமாகப் போனது. பேராசிரியர், "இவிடெ ஒரு அடியொழுக்கு உண்டு" என்றார். வெளியே தெரியாத நீரோட்டம் என்று பொருள். நானும் தாடையில் கை வைத்து, "அடியொழுக்கு இருப்பதை மறுக்க முடியாது" என்றேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். வாக்காளர் மனதில் என்ன ஓடியது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் சசி சார் கண்ணாடிக்குப் பின்னால் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். ஆரியசாலையில் சுப்பையா மாமா கடையில் டிவியைத் தூக்கி வெளியே வைத்துத் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அப்போதுதான் எங்கள் வார்டின் நிலவரம் போனில் வந்தது. ஸ்ரீஜா என் பக்கம் திரும்பினாள்.

"சிவதாணு சார், நம்ம வார்டுல தங்கப்பன் வக்கீல் இப்போ எவிடெ நிக்கிறார்?"

நான் சொல்ல நினைத்தது, 'தங்கப்பன் வக்கீல் சற்றுப் பின்தங்கியிருக்கிறார்' என்பதுதான். அம்மா சத்தியம். மைக்கை வாயருகே கொண்டுபோனேன். பழக்க தோஷத்தில் விரல் சுவிட்சைத் தட்டியது. மைக்கில் ஊதினேன்.

"தங்கப்பன் அவர்கள்... தொட்டுப் பின்னால்..."

அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததும் மீதியை நான் பேசவில்லை. ஜீப் பேசியது.

"...வந்துகொண்டிருக்கிறார்! இதோ! கூப்பிய கரங்களுடன், புன்னகை பூத்த முகத்துடன், உங்கள் வாசல் தேடி, மாபெரும் தலைவர், ஏழைகளின் வக்கீல், தங்கப்பன் அவர்கள் தொட்டுப் பின்னால் வந்துகொண்டிருக்கிறார்! மாலை அணிவிக்க விரும்பும் தாய்மார்கள் வாசலுக்கு வரவும்!"

ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு அறிவிப்புச் செய்யும் வழக்கம் இல்லை. எழுந்து நின்றுவிட்டேன். காமிரா நகரவில்லை. என் தலை மேலே போய்விட்டது. திரையில் தெரிந்தது ஒரு கோட்டின் கீழ்ப்பாதியும் ஒரு பச்சைக் கட்டம் போட்ட கைலியும். அந்தக் கைலிதான் வாக்காளப் பெருமக்களை நோக்கி முழங்கிக்கொண்டிருந்தது.

சசி சார் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கைகளையும் வீசினார். எங்கள் ஜீப் டிரைவர் அப்படிக் கையை வீசினால் முன்னால் கூட்டம் இருக்கிறது, குரலை ஏற்று என்று அர்த்தம். ஏற்றினேன்.

"மறவாதீர்! நமது சின்னம் மேஜை விளக்கு! உங்கள் பொன்னான வாக்குகளை மேஜை விளக்குக்கே அளித்து, மாபெரும் வெற்றி பெறச் செய்ய வேண்டுமாய்..."

வாக்குப்பதிவு முடிந்து, பெட்டியைத் திறந்து, பாதி எண்ணியும் ஆகிவிட்டது. அதற்கப்புறம் டிவியில் நின்று வோட்டுக் கேட்ட ஒரே மனிதன் இந்த நாட்டில் நான்தான் என்று நினைக்கிறேன். ஸ்ரீஜா நடுக்கத்தோடு குறுக்கிட்டு, "சார், இப்போ அவர் மூணாம் எடத்துக்குப் போயிட்டார்" என்றாள். நான் அசரவில்லை.

"வந்துகொண்டே இருக்கிறார்!" என்றேன்.

ஜீப் தெருமுனை திரும்பினால்தான் நான் நிறுத்துவது. ஸ்டுடியோவில் தெருமுனை இல்லை. கடைசியில் யாரோ மைக்கின் கம்பியைப் பிடுங்க, ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் என்னைக் காப்பாற்றியது.

பேராசிரியர், "இதாணு அடியொழுக்கு" என்று முணுமுணுத்தார்.

அடுத்த நிமிடம் போன்கள் அலற ஆரம்பித்தன. ஜெயித்துக்கொண்டிருந்தவரின் ஆட்கள், நேரலையில் எதிராளிக்குப் பிரச்சாரமா என்று கேட்டார்கள். தங்கப்பன் வக்கீலின் ஆட்கள், பின்னால் கிடக்கும் மனிதரைப் பார்த்துப் 'பின்னால் பின்னால்' என்று கேலி செய்கிறாயா என்று கேட்டார்கள். ஒரே பேச்சில் இரண்டு தரப்பையும் சரிசமமாக ஆத்திரப்படுத்தியிருந்தேன். நிஷ்பட்சம் என்று இதைத்தானே சசி சார் கேட்டார்? அவரோ ஒரு காதில் ஒரு போனும் மறு காதில் இன்னொன்றுமாக நின்று, கண்ணாலேயே எனக்கு வாசலைக் காட்டினார்.

எண்ணும் இடத்து டிவியில் என்னைப் பார்த்துவிட்டு, தங்கப்பன் வக்கீலே படியில் எதிரில் வந்தார். தோற்ற முகம். ஓடவும் இடமில்லை, கைலியில் வேகமும் வராது.

"மோசமா ஒண்ணும் பறயருதுன்னுதானே சொன்னேன்?"

"சொன்னீங்க, சார்."

"என் ஆளுக ஒருத்தனும் கவுண்டிங் எடத்துல இல்லெடே. எல்லாரும் போயிட்டான். தோத்துப்போகும்போதும் எனக்காக நின்னு கத்தினது நீ மாத்திரம்தான்" என்றார். பிறகு, "அடுத்த தடவை கால்சட்டை போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பானூரிலிருந்து ஆரியசாலைக்கு நடந்தேன். ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்து, "சாரே, தொட்டு பின்னாலெ ஆராவது உண்டோ?" என்று விசாரித்தார்கள். டிவி வேலை போயிற்று. ஜீப் வேலையும், வக்கீல் ஆபீஸ் வேலையும் போயிற்று. கோமதியும் போய்விட்டாள் என்பதை அவளுடைய அப்பா வாயால் கேட்டுவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும். எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. மிளகாய் நெடி என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் கடை வரை அடக்கிக்கொண்டு போனேன்.

மாமா தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடைச் சிப்பந்திகள் என் கைலியையே பார்த்தார்கள்.

"மேல டிவிக்காரன், கீழ ஜீப்புக்காரன். எவனுக்குடே நான் பொண்ணு கொடுக்கது?"

சொல்ல வேண்டியதைவிட அதிகமாகவே அன்றைக்குச் சொல்லி முடித்திருந்தேன்.

"காலம்பறயிலேர்ந்து அந்தப் புரொபசர் பேசுதான். அடியொழுக்குங்கான், அதுங்கான் இதுங்கான். ஒரு எழவும் வெளங்கல. நீ பேசினது ஒண்ணுதான் வெளங்கிச்சு. தங்கப்பன் பின்னால கெடக்கான். அதானே விசயம்?"

"ஆமா, மாமா."

"பொறவென்ன? அத சொல்லதுக்குத்தான அங்க போன?"

உள்ளேயிருந்து கோமதியின் குரல் வந்தது. "'மாபெரும்' சொல்லாதீங்கன்னு சொன்னேன்லா? அத கேளுங்கப்பா."

மாமா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அது மிளகாய் நெடி இல்லை.

"ஏலம் கூவ ஒரு தொண்ட வேணும்னு ரொம்ப நாளா தேடுதேன். தெருக்கோடி வரைக்கும் கேக்கணும், நடுவுல நிப்பாட்டவும் கூடாது. நாளைக்கு வந்துரு, மருமவனே."

அந்த வார்த்தையால் அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்து பார்க்கும் வேலை வேண்டும் என்ற நிபந்தனை என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. மிளகாய் ஏலமும் நின்றுகொண்டுதான் கூவ வேண்டும்.

கல்யாணம் ஆகி இத்தனை வருடமாகியும் கோயிலிலோ கடைத்தெருவிலோ யாராவது, "எங்கே உங்க வீட்டுக்காரர்?" என்று கேட்டால் கோமதி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "தொட்டுப் பின்னால் வந்துக்கிட்டிருக்கார்" என்பாள். பைகளோடு நான் போய்ச் சேர்வேன். என் மகள் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்தபோதும் வீட்டுக்கு வந்து சொன்னது இதே வாக்கியம்தான்.

எந்தத் தேர்தலானாலும் வாக்கு எண்ணும் நாளில் குடும்பம் முழுக்க எங்கள் வீட்டில் கூடிவிடும். டிவியில் ஸ்ரீஜா வருவாள். (அவள் இப்போது பெரிய சானலில் இருக்கிறாள். என்னை அறிமுகம் இல்லாதவள் போலவே நடந்துகொள்கிறாள், நல்லவள்.) சுற்றிலும் கோட்டுப் போட்டவர்கள் தாடையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மாமாவுக்கு இப்போது ஒரு காது சரியாகக் கேட்பதில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்ப்பார். பிறகு ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்புவார்.

"எந்திரி, மருமவனே" என்பார்.

நான் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து நிற்பேன்.