சின்னக்குட்டிக்குப் பொன்னாடை

பெண்களைக் கௌரவிக்காமல் ஓய்வதில்லை என்று பஸ்ரியாம்பிள்ளை முடிவுகட்டிவிட்டார். நுழைவு ரிக்கற் தலைக்கு இருநூறு ரூபா. நெடுந்தீவில் ஒரு சனசமூக நிலையத்தின் தலைவர் அவர். மகளிர் தினத்தில் சாதனைப் பெண்களுக்கு விழா. சேரும் காசில் நிலையத்து வாசலுக்கு அலங்கார வளைவு. வளைவில் தலைவரின் பெயர். தேத்தண்ணி குடித்த கோப்பையை ஒருநாளும் கழுவாத மனிசன், பெண்ணின் பெருமை பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார்.

பட்டியலில் முதற்பெயர் சின்னக்குட்டி. கடல் கொந்தளித்து வள்ளம் ஓடாத நாட்களில் தீவின் பாதிப் பிள்ளைகளை உயிரோடு கையில் ஏந்திய மருத்துவிச்சி. இப்போது எண்பத்தாறு வயது, மூச்சிழுப்பு, படுத்த படுக்கை.

"இஞ்சருங்கோ," என்றாள் மனைவி யூலியானா. "கிழவி எட்டாந் திகதி மட்டும் தாங்காது. வீட்டை போய்ப் பொன்னாடையைப் போத்துவம்."

"வீட்டிலை போத்தினால் ஆர் ரிக்கற் எடுக்கிறது? கதிரையிலை வைச்சுத் தூக்கிக்கொண்டு வரச்சொல்லும்."

"கிழவிக்குத் துணையா வாற மகள்?"

"அவவும் ரிக்கற் எடுக்கத்தான் வேணும். சட்டம் எல்லாருக்கும் ஒண்டு."

"நீங்கள் காலாலை வந்த பிள்ளை. இழுத்தெடுத்தது சின்னக்குட்டி. அண்டைக்கு அவ ரிக்கற் கேட்டவவோ?"

"அது வேறை, இது வேறை!"

யூலியானா அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. தன் சொல் எடுபட்டுவிட்டதென்று அவர் பூரித்துப்போனார். இவள் வாயை மூடினால்தான் பயப்பட வேண்டும் என்பது, முப்பது வருடம் குடும்பம் நடத்தியும் அந்த மனிசனுக்குப் பிடிபடவில்லை.

எட்டாந் திகதி விடியற்காலை கோயில் மணி துக்கத்துக்கு அடித்தது. சின்னக்குட்டி போய்விட்டாள்.

பஸ்ரியாம்பிள்ளைக்குக் கவலைதான். ஆனால் அச்சடித்த ரிக்கற்றை என்ன செய்வது? நிலையத்துக்கு ஓடினார். மண்டபத்தில் ஒரு கதிரைகூட இல்லை. ஒலிபெருக்கி இல்லை. ஊரில் சாவு விழுந்தால் நிலையத்துச் சாமான் முழுக்க முதலில் செத்தவீட்டுக்கு என்பது வழக்கம். அதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வைத்தவரும் அவரேதான். அலுமாரியைத் திறந்தார். விழாவுக்கு வாங்கி வைத்த பொன்னாடையையும் காணோம்.

செத்தவீட்டில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். பெட்டிக்குள் சின்னக்குட்டி. தோளைச் சுற்றிப் பொன்னாடை.

"சவத்துக்கு ஏனப்பா பொன்னாடை?" என்று மனைவியின் காதுக்குள் சீறினார்.

"சவத்துக்கில்லை. போன ஞாயிறு பூசை முடிஞ்சு நாங்கள் எல்லாரும் போய், உயிரோடை போத்தினனாங்கள். ஒவ்வொருத்தியும் தான் பிள்ளை பெத்த கதையைச் சொன்னவள். கிழவி சிரிச்சுது, அழுதுது. பிறகு பொன்னாடையைக் கழட்ட விடேல்லை. உங்கடை விழா அண்டைக்கே முடிஞ்சுது."

செபமாலை சுற்றிய அந்தக் கைகளைப் பார்த்தார் பஸ்ரியாம்பிள்ளை. முதன்முதலில் தன்னைத் தொட்ட கைகள். ஒருதரம்கூட வந்து பார்க்கவில்லையே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுகையும் வந்தது. ஆனாலும் தலைவர் தலைவர்தானே, கை தன்பாட்டில் சட்டைப்பைக்குள் போய்ப் பன்னிரண்டு பக்கத்தையும் வெளியே எடுத்தது.

"நானும் ரண்டு வார்த்தை..."

யூலியானா கடதாசிகளை வாங்கி நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

"இண்டைக்குப் பொம்பிளையள் கதைக்கட்டும். நீங்கள் படலையடியிலை நிண்டு வாறாக்களை உள்ளை விடுங்கோ. காசு மட்டும் கேட்டுப்போடாதேங்கோ."