ஃபிரிட்ஜ் மேல் ஒரு போன்

இனிமேல் இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு துரும்பும் அசையக்கூடாது என்று முடிவெடுத்தேன். எடுத்தவன் மாரியப்பன். கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். பழுக்கக் காய்ந்த கம்பி ஓடிய சத்தத்தில் என் காது எனக்கு முன்பே ரிட்டையர் ஆகிவிட்டது. போன மாதம்தான் என் மகள் நந்தினி இரண்டு காதுக்கும் மிஷின் மாட்டிவிட்டாள்.

மிஷின் மாட்டினால் உடனே சுகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முறுக்கைக் கடித்தால் மண்டைக்குள் கல் குவாரி ஓடுகிறது. பேப்பரைப் புரட்டினால் தகர ஷீட் விழுகிறது. என் செருப்புச் சத்தத்துக்கு நானே திரும்பி, யாருடா பின்னால் வருகிறான் என்று பார்த்தேன். தினமும் கொஞ்ச நேரம் கூட்டிக் கூட்டிப் போட்டுக்கொண்டால் பழகிவிடும் என்றார் டாக்டரம்மா. எல்லாம் பழகியது. என் மனைவி குணசுந்தரியின் பேச்சு மட்டும் பழகவில்லை. அடுப்பங்கரையில் அவள் வாயசைப்பதைப் பார்த்து, பாவம், அர்ச்சனை செய்கிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அர்ச்சனைதான். சாமி நான்.

இந்த நேரம் பார்த்து, ஆர்.கே.பேட்டையில் என் மச்சான் தணிகாசலம் வரப்பில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டான். குணசுந்தரிக்கு அவள் அப்பா கொடுத்த நிலம் அங்கே இருக்கிறது. நெல் முற்றி நிற்கிறது. மழை வேறு வருமாம். அறுப்பு மிஷினைப் பிடித்து, அறுத்து, நெல்லை ரோட்டில் காயப்போட்டு, மாடு வாய் வைக்காமல் காவல் இருந்து, கொள்முதல் நிலையத்தில் போடும்வரை ஓர் ஆள் அங்கேயே கிடக்க வேண்டும். மச்சான் படுத்துவிட்டான். குடும்பத்தில் சும்மா இருக்கும் இன்னொரு ஆண்பிள்ளை யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குப் போக இஷ்டமில்லை. ஆனால் குணசுந்தரி நேரில் கேட்டு நான் மறுத்ததாகச் சரித்திரம் இல்லை. எப்போது கேட்கப் போகிறாள் என்று முன்கூட்டியே தெரிந்தால், முட்டி வலியைத் தயாராக வைத்திருக்கலாம்.

அதற்கும் நந்தினிதான் வழி காட்டியிருந்தாள்.

"நைனா, போன டிவி பக்கத்துல வெச்சிட்டு நீ வாசல்ல போய் குந்திக்க. டிவில பேசறது போன் வழியா நேரா உன் காது மிஷினுக்கே வரும்."

டிவி பக்கத்தில் வைக்கலாம் என்றால் குணசுந்தரி பக்கத்திலும் வைக்கலாம் அல்லவா? அன்றைக்கே போனைக் கொண்டுபோய் அடுப்பங்கரை ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன்.

"போன இன்னாத்துக்குயா இங்க வெக்கிற?"

"ஹால்ல சார்ஜ் சரியா ஏற மாட்டேங்குது."

"சரி, வெய்யி."

வாசல் கேட் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முதலில் கடுகு வெடித்தது, என் காதுக்குள்ளேயே. பொறுத்துக்கொண்டேன். அடுத்து தோசைக்கல் கைதவறித் தரையில் விழுந்தது. மில்லில் இரும்பு விழும் சத்தம் கேட்டால் முதலில் காலைத் தூக்க வேண்டும், அப்புறம்தான் யோசிக்க வேண்டும். அது உடம்பில் ஊறிய பழக்கம். கேட் அருகே உட்கார்ந்திருந்த நான் இரண்டு காலையும் அந்தரத்தில் தூக்கிவிட்டேன்.

குணசுந்தரி கையில் தோசைக்கல்லோடு ஜன்னலுக்கு வந்தாள். என் காலைப் பார்த்தாள். திரும்பி ஃபிரிட்ஜைப் பார்த்தாள்.

"கொசு" என்றேன். தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே அவள் உள்ளே போய்விட்டாள். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு துர்காதேவி வந்தாள். நான் வாசலில். போன் ஃபிரிட்ஜ் மேல்.

"இன்னாக்கா, ஆர்.கே.பேட்டைக்கு அண்ணன அனுப்பறியா?"

"அவரையா? வோணாம் துர்கா."

என் வயிற்றில் பால் வார்த்தாள் மகராசி.

"ஏன்க்கா? ஊட்ல சும்மாதான குந்திகினு கீறாரு?"

"அது ஒண்ணுதான் அவருக்குத் தெரிஞ்ச வேல. அறுப்பு மிஷின்காரன் பாதி வயல உட்டுட்டு, முடிஞ்சிச்சின்னு சொல்லுவான். இவரு தலைய ஆட்டிகினு நிப்பாரு."

"மில்லுல அத்தன பேர மேய்ச்சாருன்னு சொன்ன?"

"அவரு சொன்னாரு. நான் பாத்தனா?"

வார்த்த பால் திரிய ஆரம்பித்தது.

"உன் மாமியார அனுப்பேன் துர்கா."

"அய்யோ, அவங்களுக்குக் கண்ணு செரியா தெரியாதேக்கா."

"தெரியாட்டி இன்னா, இவரவிட பரவால்ல. இவரு போனா மாடு துன்னது போக மிச்சம்தான் ஊடு வந்து சேரும். எங்க ஊட்டு ஆளுங்க முன்னாடி இவரு மானம்தான் போவும். பாவம், இங்கியே கெடக்கட்டும்."

பாவம். அந்த வார்த்தை இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் விழுந்தது. எனக்கு வந்ததே கோபம். எத்தனை ஷிப்ட் பார்த்தவன் நான். கண் தெரியாத மாமியாருக்குக் கீழேயா நான்? நேராக அடுப்பங்கரைக்குப் போனேன்.

"குணா, ஆர்.கே.பேட்டைக்கு நான் போறேன்."

"உன்ன யாரு போகச் சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம். நானா போறேன்."

"முட்டி வலின்னு ராவெல்லாம் மொனகினியே."

"எந்த முட்டி? எனக்கு ஒரு முட்டியும் வலிக்கல."

"வோணாம்யா. வெயில்ல ரோட்டுல காவல் குந்தணும். பேஜாரு புடிச்ச வேல."

"குந்தறேன். ஒரு மாடு வாய் வெச்சிதுன்னா என்ன ஏன்னு கேளு. கடைசி மூட்டைய போட்டுட்டுதான் இந்த ஊட்ல கால் வெப்பேன்."

துர்காதேவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் வீரத்தில் வாயடைத்துப் போனாள் என்று நினைத்தேன்.

குணசுந்தரி பெருமூச்சு விட்டாள். "இவ்ளோ ஆசப்படற. நான் இன்னாத்துக்குக் குறுக்க நிக்கப் போறேன்? போய்ட்டு வா."

"அப்ப துணிமணி எடுத்து வெய்யி. அடுத்த பஸ்ஸுக்கே கெளம்பறேன்."

அவள் அறைக்குள் போய், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்து வந்தாள். திறந்து பார்த்தேன். லுங்கி, துண்டு, முட்டிக்குத் தைலம், கோணி ஊசி, கொசுவத்தி என்று எல்லாம் மடித்து அடுக்கி வைத்திருந்தது.

"இத எப்ப கட்டின?"

"துர்காவ வரச் சொல்றதுக்கு முன்னாடியே."